முகாம் என்று எழுதும்போது

பத்திரிகையின் புதுக்கோட்டை மாவட்டப் பக்கத்தில் இந்தச் சொல் வராத நாள் கிடையாது. இலுப்பூரில் கண் சிகிச்சை முகாம். கீரனூரில் பட்டா மாறுதல் முகாம். கறம்பக்குடிப் பக்கம் கால்நடை மருத்துவ முகாம். கோழிக்குக் கழிச்சல் தடுப்பூசி, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து. ஏதோ ஒரு ஊராட்சியில் மனுநீதி நாள் முகாம். ஜெகதாப்பட்டினத்திலிருந்து கடலுக்குப் போன மீனவர்களைப் படகோடு பிடித்த இலங்கைக் கடற்படை, காங்கேசன்துறை முகாமுக்குக் கொண்டுபோனது. தோப்புக்கொல்லை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் ஆட்சியர் ஆய்வு. எல்லாம் ஒரே பக்கம், ஒரே எழுத்தளவு.

செய்திகளைத் திருத்திப் பக்கம் கட்டும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். மேசைக்கு வந்த தாள்களில் இந்தச் சொல் எங்கெல்லாம் வந்ததோ அங்கெல்லாம் ஒரு கோடு போட்டு வைக்கும் பழக்கம் எப்படியோ வந்துவிட்டது. வேலையை விட்ட பிறகும் விடவில்லை. காலையில் பேப்பர் படிக்கும்போது பேனா கையில் இருக்கிறது.

*

எழுதும்போதுதான் முகாம். பேசும்போது கேம்ப். 'கண் கேம்ப் போட்டிருக்காங்களாம், அத்தையைக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துரு' என்றுதான் வீட்டில் சொல்கிறோம். நாக்கில் இருப்பது ஆங்கிலம். அச்சில் ஏறுவது அரபியிலிருந்து உருது வழியாக வந்த சொல். இரண்டுக்கும் நடுவே தமிழில் பாசறை என்றும் படைவீடு என்றும் பழைய சொற்கள் இருந்தன. அவை கட்சி மேடைகளோடும் கோயில்களோடும் நின்றுவிட்டன. வருவாய் ஆய்வாளர் பாசறை போட்டிருக்கிறார் என்று யாரும் சொல்வதில்லை.

கேம்ப் 'போடுகிறார்கள்'. பந்தல் போடுகிறார்கள், கடை போடுகிறார்கள், கூட்டம் போடுகிறார்கள். போட்டது எடுக்கப்படும் என்பது அந்த வினையிலேயே இருக்கிறது. வீட்டைப் போடுவதில்லை, கட்டுகிறோம்.

கோடு போட்டு வந்ததில் எனக்கு முதலில் புலப்பட்டது இதுதான்: முகாம் என்றால் கூடவே ஒரு கணக்கு இருக்கும். காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை. நாட்டு நலப்பணித் திட்டத்து மாணவர்கள் கிராமத்தில் தங்கினால் ஏழு நாள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க என்றால் சனி, ஞாயிறு. மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டியில் பவானிக் கரையில் கோயில் யானைகளுக்கு நடந்த புத்துணர்வு முகாம் நாற்பத்தெட்டு நாள், ஒரு மண்டலம். லாரியில் ஏற்றிப் போன யானையை அதே லாரியில் கோயில் வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். எடை எவ்வளவு கூடியது என்பதும் செய்தியில் வந்தது.

காட்டு யானை முகாமிட்டால்கூட வனத்துறை நாள் எண்ணத் தொடங்கிவிடுகிறது. 'மூன்றாவது நாளாக முகாமிட்டுள்ள யானைகள்' என்று தலைப்பு வரும். விரட்ட வேண்டும் என்பது தலைப்பிலேயே தெரியும்.

*

புதுக்கோட்டைக்கு இந்தச் சொல் அதிகாரத்தின் வழியாகத்தான் முதலில் பழகியிருக்க வேண்டும். 1948 மார்ச் வரை இது தனி சமஸ்தானம். அரண்மனையும் திவானும் தர்பாரும் உள்ள தலைநகரம். இந்திய யூனியனில் சேர்ந்த பிறகு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு பகுதியானது. 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டம் ஆகும் வரை கலெக்டர் இருந்தது திருச்சியில். இங்கே அவர் வருவது கேம்ப். தலைநகராக இருந்த ஊர் கால் நூற்றாண்டுக் காலம் ஒருவருடைய பயணத் திட்டத்தில் தங்குமிடமாக இருந்தது. மன்னர் விட்டுப் போன புது அரண்மனையில்தான் இப்போது ஆட்சியர் அலுவலகம் நடக்கிறது.

அந்தக் காலத்து அலுவலகக் கடிதங்களின் தலையில் 'முகாம்: அறந்தாங்கி', 'முகாம்: திருமயம்' என்று இருக்கும். நான் இப்போது வேறு ஊரில் இருக்கிறேன், பதிலை வழக்கமான முகவரிக்கே அனுப்பு என்பது அதன் பொருள். தலைவர்களும் சுற்றுப்பயணத்தில் எழுதிய கடிதங்களில் இப்படித்தான் குறித்தார்கள். முகாம் என்று எழுத வேண்டுமானால் அதற்கு வெளியே ஒரு நிலையான முகவரி இருக்க வேண்டும். இருப்பவர்தான் அப்படி எழுத முடியும்.

*

இந்த மாவட்டம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம் என்று நான் நினைக்கும் முகாம்கள் அறிவொளிக் காலத்தில் நடந்தவை. 1991-ல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது எழுத்தறிவு இயக்கம் கிராமம் கிராமமாகப் போனது. எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்தது அப்போதுதான். கல்குவாரியில் வேலை செய்த பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பள்ளி ஆசிரியைகள், வயல் வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் சாயங்காலத்தில் மந்தையில் சைக்கிள் பழகினார்கள். பலரிடம் இருந்தது ஆண்கள் ஓட்டும், நடுவே பார் வைத்த சைக்கிள்தான். புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அதில் ஏறினார்கள். பார்த்துச் சிரித்தவர்கள் இருந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இங்கே வந்து பார்த்து எழுதினார். 1996-ல் வந்த அவருடைய புத்தகத்தில் அது இருக்கிறது.

முழங்கால் சிராய்ப்போடு வீடு திரும்பிய ஒருத்தி மறுநாளும் வந்தாள் என்பதுதான் அந்த முகாம்களின் செய்தி. பந்தலைப் பிரித்தார்கள், பதாகையைக் கழற்றினார்கள், சைக்கிள் வீட்டோடு தங்கிவிட்டது. குடத்தை மட்டுமல்ல, பிள்ளையையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அந்தப் பெண்கள் போனார்கள். அவர்களுடைய மகள்களுக்கு அது ஒரு சேதியே இல்லை.

கு.க. கேம்ப் வேறு வகை. குடும்பக் கட்டுப்பாட்டை எல்லாரும் கு.க. என்றே சொன்ன காலத்தில் கேம்ப் என்றாலே ஆண்கள் வீட்டில் தங்க மாட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1975-77 நெருக்கடி நிலையில் அந்தப் பயம் இன்னும் கூடியது. கண்ணைத் திறந்துவிடும் கேம்பும் ஆளைப் பிடித்துக்கொண்டு போகும் கேம்பும் ஒரே பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடந்தன.

*

இங்கிலீஷ் பத்திரிகைகளுக்கு இந்தச் சொல் கனத்துப் போனது 1945 ஏப்ரலில். செய்தியாளர் எட்வர்ட் மரோ நாஜிகளின் புகன்வால்டு முகாமுக்குள் போய்ப் பார்த்து வானொலியில் சொன்னார். சில நாளில் ரிச்சர்ட் டிம்பிள்பி இன்னொரு நாஜி முகாமான பெல்சனிலிருந்து அனுப்பிய செய்தியை பிபிசி முதலில் நம்பத் தயங்கியது. அதுவரைக்கும் கேம்ப் என்றால் பெரும்பாலும் சாரணர், கூடாரம், நெருப்பு மூட்டி உட்கார்ந்து பாடுவது. அதற்குப் பிறகு முள்கம்பி.

ஆனால் பழைய பொருளும் போகவில்லை. இங்கிலாந்தின் ஸ்கெக்னெஸ் கடற்கரையில் 1936-ல் பட்லின் திறந்த விடுமுறை கேம்ப், போரின்போது கடற்படைப் பயிற்சிக் கேம்பாக இருந்துவிட்டு, 1946-ல் மறுபடி குடும்பங்கள் நீந்தி விளையாடும் இடமானது. அதே வருடம் பெல்சன் இடமும் காலியாகிவிடவில்லை. பழைய குடிசைகளைத் தொற்றுக்குப் பயந்து எரித்துவிட்டு, பக்கத்து ராணுவக் கட்டடங்களில் பிழைத்தவர்களையே தங்கவைத்தார்கள். போக நாடில்லாத அவர்கள் 1950 வரை அங்கே இருந்தார்கள். அதற்கும் பெயர் கேம்ப். விடுமுறைக்கு வந்தவர்களையும் சாவிலிருந்து மீண்டவர்களையும் ஒரே சொல்லில் எழுதிய அந்த வருடத்துச் செய்தியாளர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

தமிழர்களுக்கும் அந்தப் போர் ஒரு கேம்பைக் கொடுத்தது. சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை. மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாகத் தமிழர்களைக் கூட்டிப்போய்க் காட்டுக் கொட்டகைகளில் அடைத்தார்கள். காலராவில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். போர்க்கைதிகளாக இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. போருக்குப் பிறகு அவர்களுடைய கேம்புகளைப் பற்றிப் புத்தகங்களும் படங்களும் வந்தன. தமிழர்கள் இருந்த கொட்டகைகளுக்குப் பெயரும் இல்லை, செத்தவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லும் இல்லை. அவர்களில் எத்தனை பேர் தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கப்பலேறியவர்களோ. கணக்கு எடுத்தவர் இல்லை.

*

மண்டபத்தில் 'மண்டபம் கேம்ப்' என்றே ஒரு ரயில் நிலையம் உண்டு. ஊர்ப்பெயராகவே ஆகிவிட்ட கேம்ப் அது. 1914-ல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பலும் வந்த பிறகு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளைத் தொற்றுநோய்க் காவலில் நிறுத்திவைக்க இலங்கை அரசாங்கம் இந்தியக் கரையில் நடத்திய இடம். அதற்கும் முன்னால் தூத்துக்குடிப் பக்கம் தட்டப்பாறையில் ஒன்று இருந்தது. ஆள் சேர்க்கும் வேலைக்காக இலங்கைத் தோட்டக்காரர்களின் லேபர் கமிஷன் 1904-லேயே திருச்சியில் அலுவலகம் திறந்துவிட்டது. கங்காணி பின்னால் புதுக்கோட்டைச் சீமைக் குடும்பங்கள் போன வழி அது. சில நாள் கேம்பில் இருப்பார்கள். குளிக்க வைப்பார்கள், ஊசி போடுவார்கள், துணிமணியை வேகவைத்துத் தருவார்கள். பிறகு கப்பல்.

1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அந்தத் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்றானது. தாத்தா போன அதே மண்டபம் கேம்ப் வழியாகப் பேரப்பிள்ளைகள் திரும்பினார்கள். தாயகம் திரும்பியோர் என்று அரசாங்கம் எழுதியது. கிராமத்தார் அவர்களைச் சிலோன்காரர் என்றார்கள்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளோடு படகுகள் வந்தன. 1990-ல், 1995-க்குப் பின், 2006-ல் மறுபடி மறுபடி வந்தன. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். எல்லாருக்கும் முதல் வாசல் மண்டபம். அங்கிருந்து பிரித்து மாவட்டங்களுக்கு அனுப்பினார்கள். வந்தவர்களில் கணிசமானவர்கள் மலையகத்தார். 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறி, அங்கிருந்தும் விரட்டப்பட்டவர்கள். அதாவது இந்த மண்ணிலிருந்து கேம்ப் வழியாகப் போனவர்களின் கொள்ளுப்பேரன்கள் அதே கேம்ப் வழியாக இந்த மண்ணுக்கு வந்தார்கள். வந்தபோது அவர்கள் வெளிநாட்டவர். அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டு உலக உடன்பாட்டில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆகவே சட்டத்தில் அகதி என்று ஒருவரும் இல்லை. 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம்தான் அவர்களுக்குப் பொருந்தியது.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வந்தவர்களுக்கு மூன்று இடம்: ஆலங்குடிப் பக்கம் தோப்புக்கொல்லை, அறந்தாங்கிப் பக்கம் அழியாநிலை, திருமயம் சாலையில் லேணாவிலக்கு.

*

தோப்புக்கொல்லையில் ஒரு வயதான அம்மா. வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்ன எழுதப் போறியள் என்று கேட்டார். இந்தச் சொல்லைப் பற்றித்தான் என்றேன்.

"எங்கட ஊரில காம்ப் எண்டால் ஆமி இருக்கிற இடம், தம்பி. காம்ப் பக்கம் போகாதை எண்டுதான் பிள்ளையளுக்குச் சொல்லி வளர்த்தது. இஞ்ச வந்து இறங்கின அண்டைக்கு, உங்களைக் காம்புக்குக் கொண்டு போறம் எண்டு ஒரு ஓபிசர் சொன்னார். நான் நடுங்கிப் போனன்."

உள்ளே யூனிபார்ம் மாற்றிக்கொண்டிருந்த பேத்தி எட்டிப் பார்த்தாள். "அம்மம்மா, காம்ப் இல்லை, கேம்ப்" என்றாள்.

அந்த ஒரு எழுத்து மாறியதை நான் வீடு வரும் வரை யோசித்துக்கொண்டு வந்தேன். ஈழத்துச் செய்திகளில் காம்ப் என்பது ஆமிக் காம்ப்தான்; பலாலி, முல்லைத்தீவு, ஆனையிறவு. 2000 ஏப்ரலில் ஆனையிறவு முகாம் வீழ்ந்ததை இங்கே தேநீர்க் கடைகளில் சத்தமாகப் படித்தார்கள். அந்தச் செய்தியைத் தோப்புக்கொல்லை முகாமில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு ஒரே வரியில் இரண்டு முகாம்கள் இருந்திருக்கும். சுடப்பட்ட இடத்துக்கும் சோறு கிடைத்த இடத்துக்கும் ஒரு பெயர். பேத்திக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவளுக்கு அது வீட்டு விலாசம். பள்ளியில் நம்மூர்த் தமிழ், வாசல்படி தாண்டினால் அம்மம்மாவின் தமிழ். இரண்டிலும் தடுமாறாமல் பேசுகிறாள்.

வீடு என்று கொடுத்தது பத்தடிக்குப் பத்தடி. முதலில் தார்ஷீட் கூரை. வெயிலில் தார் உருகிச் சொட்டும் என்றார் அந்த அம்மா, மண்டையைத் தொட்டுக் காட்டி. மறைப்புக்குப் புடவை. மகனுக்குக் கல்யாணம் ஆனபோது முன்னால் ஒரு சாய்ப்பு இறக்கிக்கொண்டார்கள். ஆண்கள் பெரும்பாலும் பெயிண்ட் வேலை. கோயம்புத்தூர், கேரளா என்று எங்கே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தாலும் செக்கிங் நாளுக்குத் திரும்பி வந்து ஆளைக் காட்ட வேண்டும். ஆள் இல்லையென்றால் அரசு தரும் பணக்கொடை நிற்கும், பதிவுக்கே கேடு வரும். ஊரெல்லாம் அவர்கள் பூசிய சுவர்கள் நிற்கின்றன.

*

இலங்கையில் போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிந்தைய பத்திரிகைகளை ஒரு கட்டாகத் தனியே வைத்திருக்கிறேன். இந்தச் சொல் அவ்வளவு வேடம் போட்ட காலம் வேறு இல்லை.

செட்டிகுளத்தில் மெனிக் பாம். வன்னியிலிருந்து நடந்து வந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முள்கம்பிக்குள். கொழும்பு அரசாங்கம் அதை நலன்புரிக் கிராமம் என்றது. பகுதிகளுக்குக் கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று தமிழ்ப் பெரியவர்களின் பெயர்களை வைத்தது. அந்தப் பெயர்ப்பலகைகளின் அடியில் தண்ணீருக்கு வரிசை நின்றது. யாழ்ப்பாணத்துப் பேப்பர்கள் இடைத்தங்கல் முகாம் என்றும் நலன்புரி நிலையம் என்றும் எழுதின. எழுதியவர்கள் இருந்த நிலையில் அதற்கு மேல் எழுத முடியாது. சென்னைப் பத்திரிகைகளில் சில வதைமுகாம் என்றன, சில தடுப்பு முகாம் என்றன, சில வெறுமனே அகதிகள் முகாம் என்றன. சரணடைந்த போராளிகளை வைத்திருந்த இடத்துக்குப் புனர்வாழ்வு நிலையம் என்று பெயர்.

ஒரே இடம், யார் கையில் பேனா இருந்ததோ அவருடைய அச்சமும் கோபமும் பெயரானது. மெனிக் பாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டது. எந்தப் பெயரில் இருந்தாலும் அது மூன்றரை வருடத்தில் முடிந்தது என்று குறித்து வைத்திருக்கிறேன். ஜெர்மனியில் இடம்பெயர்ந்த யூதர்களுக்கான கடைசிக் கேம்ப் 1957-ல் மூடப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்து பன்னிரண்டு வருடம்.

தோப்புக்கொல்லைக்கு அப்படி ஒரு வருடம் இன்னும் எழுதப்படவில்லை.

*

'சிறப்பு முகாம்' என்ற இரண்டு சொல்லை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும்.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் கண்மாய்க் கரையில் கருவேலம் வெட்டுவது சிறப்பு முகாம். நவம்பர் மாதத்துச் சனி, ஞாயிறுகளில் வாக்குச்சாவடிப் பள்ளியில் படிவம் ஆறு வாங்குவது சிறப்பு முகாம். திருச்சி மத்திய சிறை வளாகத்தில் வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் ஈழத்தமிழரை அடைத்து வைப்பதும் சிறப்பு முகாம். முதல் இரண்டும் எப்போது முடியும் என்பது அறிவிப்பிலேயே இருக்கிறது. மூன்றாவதற்குத் தண்டனைக் காலம் என்று ஒன்று கிடையாது, ஏனென்றால் சட்டப்படி அது சிறை இல்லை.

2022 நவம்பரில் ராஜீவ் கொலை வழக்கில் உச்ச நீதிமன்றம் விடுவித்தவர்களில் நான்கு இலங்கைத் தமிழர்கள் சிறை வாசலிலிருந்து நேராகத் திருச்சி சிறப்பு முகாமுக்குப் போனார்கள். விடுதலை என்று தலைப்பு, உள்ளே முகாம் என்று செய்தி. அவர்களில் சாந்தன் ஊருக்குப் போகக் காத்திருந்து 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். உடல்தான் இலங்கைக்குப் போனது. அந்த வழக்கைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், சிறையைச் சிறை என்று எழுதாமல் விட்டதில் நம் தொழிலுக்குப் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். அதிகாரி தரும் குறிப்பில் சிறப்பு முகாம் என்று வந்தால் அப்படியே போட்டுவிடுகிறோம். 'சிறை வளாகத்துக்குள் உள்ள' என்று மூன்று சொல் சேர்ப்பதற்கு இடம் இல்லாமல் போவதில்லை.

*

2021 ஆகஸ்ட் 27 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் 317 கோடி ரூபாய்க்குத் திட்டங்கள் அறிவித்தார். 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவது அதில் பெரியது. மறுநாள் பெயரும் மாறியது: இலங்கை அகதிகள் முகாம் இனி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்.

அகதி என்ற சொல் போனது நல்ல காரியம். பள்ளியில் வருகைப் பதிவேட்டில் 'அகதி' என்று எழுதியிருந்ததைப் பார்த்த பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். வீடுகளும் வந்தன, சொன்னதைச் செய்தார்கள். முகாம் மட்டும் அப்படியே இருக்கிறது. கான்கிரீட் கூரையும் ஓடு பதித்த தரையும் உள்ள தெருவுக்கு, மாநகராட்சியில் என்றால் நகர் என்றோ குடியிருப்பு என்றோ பெயர் வைப்பார்கள். இங்கே கட்டிக் கொடுத்துவிட்டு, போட்டதைப் போலப் பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு சொல்லில் எது அந்த மக்களை அதிகம் அழுத்தியது என்று நான் கேட்டுப் பார்த்தபோது பெரியவர்கள் அகதி என்றார்கள். இங்கேயே பிறந்த இளைஞர்கள் யோசித்துவிட்டு முகாம் என்றார்கள். அகதி என்பது நடந்த ஒன்றைச் சொல்கிறது, அது உண்மைதானே என்றான் கல்லூரியில் படிக்கும் ஒருவன். முகாம் என்றால் நீ எப்போது கிளம்புவாய் என்று கேட்கிற மாதிரி இருக்கிறது சார் என்றான்.

*

முல்லைப்பாட்டைத் திரும்பப் படித்தேன். 103 அடிதான், நப்பூதனார் பாடியது. காட்டை வெட்டித் திருத்தி அரசன் பாசறை அமைத்திருக்கிறான். உள்ளே யானைகள், காயம்பட்ட வீரர்களின் நினைவில் தூக்கம் வராத அரசன். இதில் ஒரு சின்ன விவரம் என்னைப் பிடித்துக்கொண்டது: நாழிகை வட்டிலைப் பார்த்து இத்தனை நாழிகை ஆயிற்று என்று அரசனுக்குச் சொல்வதற்கென்றே அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நடுக்காட்டில், போருக்கு நடுவே, நேரம் எண்ணப்படுகிறது. ஊரில் காத்திருப்பவளிடம் கார் காலத்துக்குள் வருவேன் என்று சொல்லிப் போயிருக்கிறான். பாட்டு அவன் தேர் திரும்பி வரும் ஓசையோடு முடிகிறது.

பாசறையைப் பாடியவர் நாழிகைக் கணக்கரை மறக்கவில்லை. முகாமைப் பற்றி எழுதுகிற நாங்கள், அது எத்தனையாவது வருடம் என்று எழுதுவதில்லை. அறிக்கையில் பயனாளிகள் எண்ணிக்கை இருக்கிறது, வழங்கிய தொகை இருக்கிறது, குத்துவிளக்கு ஏற்றியவர் பெயர் இருக்கிறது. யானை முகாமிட்ட மூன்றாம் நாளை எண்ணிய கை, 1990-ல் வந்தவர்களுடைய வருடத்தை எண்ணவில்லை. அதை ஒரு அடைப்புக்குறிக்குள் போட்டாலே செய்தியின் நிறம் மாறிவிடும்.

*

லேணாவிலக்குப் பக்கம் போகும் டவுன் பஸ். கண்டக்டர் 'கேம்ப் எல்லாம் முன்னாடி வா' என்கிறார். பை தூக்கிய பிள்ளைகள் நகர்கிறார்கள். அவர் குரலில் ஏளனம் ஏதும் இல்லை. காலேஜ் எல்லாம் இறங்கு என்பதைப் போலவேதான் சொன்னார். அந்தப் பிள்ளைகளும் போனில் 'கேம்ப் வந்துட்டேன்மா' என்கிறார்கள். வீட்டுக்கு வந்துட்டேன் என்பதுதான் அதற்குப் பொருள்.

அழியாநிலையிலிருந்து வந்த ஒரு கல்யாணப் பத்திரிகை என் மேசையில் இருக்கிறது. மணமகள் இல்லம் என்ற இடத்தில் வீட்டு எண், தெரு, அழியாநிலை, அறந்தாங்கி வட்டம் என்று போட்டிருக்கிறார்கள். பூர்வீகம் என்று தனியாக ஒரு வரி: முல்லைத்தீவு. முகாம் என்ற சொல் பத்திரிகையில் எங்குமே இல்லை. அச்சகத்தில் உட்கார்ந்து அந்த வரியை எழுதிக் கொடுத்தவர், எந்தச் செய்தி ஆசிரியரையும்விட நன்றாகத் திருத்தியிருக்கிறார்.

*

2024 ஏப்ரல் 19 அன்று நடந்த மக்களவைத் தேர்தலில் திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஒரு பெண் வாக்களித்தார். 1986-ல் மண்டபம் கேம்பில் பிறந்தவர். 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையில் இந்திய மண்ணில் பிறந்தவர் எவரும் பிறப்பாலேயே குடிமக்கள் என்று குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு சொல்கிறது. நீதிமன்றத்துக்குப் போய் அதை நிலைநாட்டி, பாஸ்போர்ட் வாங்கி, பிறகு வாக்காளர் அட்டையும் வாங்கினார்.

அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருந்திருக்க வேண்டும். 2004-க்குப் பிறகு விதி இன்னும் இறுகியது. ஆகவே ஒரே கேம்பில் ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளில் 1986-ல் பிறந்தவர் இந்தியர், 1988-ல் பிறந்தவர் வெளிநாட்டவர். 2019-ல் கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கின்றன, இலங்கை இல்லை. மலையக வம்சாவளியினரின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூனிலேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லியிருந்தது. அவர்களில் பலர் இந்த மாவட்டத்து ஊர்ப்பெயர்களைக் கொள்ளுத்தாத்தாவின் ஊர் என்று சொல்கிறார்கள்.

தோப்புக்கொல்லை, அழியாநிலை, லேணாவிலக்கு மூன்றிலும் 1987 ஜூலைக்கு முன்பு இங்கே பிறந்தவர்கள் யார் யார், அவர்களில் பிறப்புச் சான்றிதழ் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று வீடு வீடாகக் கேட்டு எழுத ஒரு இளம் நிருபரிடம் சொல்லியிருக்கிறேன். வாக்காளர் சிறப்பு முகாம் அடுத்து நடக்கும் சனிக்கிழமைக்கு முன்னால் அது அச்சில் வர வேண்டும்.